தீயணைப்பு வண்டியின் தங்க எழுத்து எத்தனை வருடம் தாங்கும்?

போன அக்டோபரில் எங்கள் ஊர் தீயணைப்பு நிலையத்தைப் பொதுமக்கள் பார்ப்பதற்காகத் திறந்து வைத்திருந்தார்கள். அமெரிக்காவில் இது வருடா வருடம் பல ஊர்களில் நடப்பதுதான். 1871 அக்டோபரில் சிகாகோ நகரம் எரிந்ததை நினைவில் வைத்து, அக்டோபர் 9 வருகிற வாரத்தைத் தீத்தடுப்பு வாரமாக அனுசரிக்கிறார்கள். குழந்தைகளுக்குப் பிளாஸ்டிக் தொப்பி, பெரியவர்களுக்குக் காபி, எல்லோருக்கும் வண்டியில் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ள அனுமதி.

மகள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்த நேரத்தில், நான் கதவில் இருந்த எழுத்துக்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சிவப்பு வண்டி, தங்க நிற எழுத்து, கறுப்பு ஓரக்கோடு. எழுத்துக்குள்ளே சின்னச் சின்ன வட்டச் சுழிகள், நடக்க நடக்க மின்னின. ஆனால் ஓர் எழுத்து மட்டும் பாதி இல்லை. ஓரக்கோடு மங்கலாக இருக்கிறது, உள்ளே தங்கம் போய் மஞ்சள் திட்டு மட்டும் தெரிகிறது.

பக்கத்தில் நின்ற வயதான தன்னார்வ வீரரிடம் கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னார். சில வருடங்களுக்கு முன் ஓர் ஊர்வலத்துக்கு முதல் நாள், வண்டி பளபளவென்று இருக்கட்டும் என்று ஒரு பையன் பாலிஷ் மெஷினை எடுத்துத் தேய்த்திருக்கிறான். சில நிமிடங்களில் தங்கம் பஞ்சோடு வந்துவிட்டதாம். "தொடலாம், தேய்க்கத்தான் கூடாது" என்றார்.

எனக்கு இது இடித்தது. தங்கம் துருப்பிடிக்காது, கறுக்காது, பாட்டி போட்ட வளையல் பேத்திக்கு வருகிறது. அப்பேர்ப்பட்ட தங்கம் ஒரு மத்தியான வேளையில் எப்படிக் காணாமல் போகும்? அதற்குப் பதில் தேடிப் படித்ததும், எழுத்துக்காரர்கள் வேலை செய்வதைப் பார்த்ததும் சேர்ந்து இந்தக் குறிப்பு.

அரைச் சவரன்கூட இல்லை

முதலில் அளவு. இந்த எழுத்துக்களில் இருப்பது தங்கப் பெயிண்ட் இல்லை, நிஜத் தங்கம். நம் ஊர் தஞ்சாவூர் ஓவியத்தில் ஒட்டுகிறார்களே, தங்க ரேக்கு, அந்த வகை. ஆனால் எழுத்துக்காரர்கள் பயன்படுத்துவது அதைவிடப் பல மடங்கு மெல்லியது. அடித்து அடித்துக் கிட்டத்தட்ட 0.1 மைக்ரான் தடிமனுக்குக் கொண்டுவருவார்கள். தலைமுடி ஒன்றின் தடிமன் சுமாராக 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், 700 ரேக்குகளை அடுக்கினால்தான் ஒரு முடி. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அதன் வழியாகப் பச்சை கலந்த நீல ஒளி ஊடுருவி வரும். அவ்வளவு மெல்லிசு.

இது 25 ரேக்குகள் கொண்ட சின்னப் புத்தகங்களாக விற்பனைக்கு வருகிறது. ஒரு ரேக்கு ஒவ்வொரு பக்கமும் 3⅜ அங்குலம் உள்ள சதுரம். பெருக்கிப் பார்த்தால் ஒரு புத்தகம் ஏறக்குறைய 2 சதுர அடியை மூடும். தங்கத்தின் அடர்த்தியைப் போட்டுக் கணக்கிட்டால் ஒரு ரேக்கில் இருக்கும் தங்கம் சுமார் 14 மில்லிகிராம். புத்தகம் முழுக்கச் சேர்த்தாலும் அரைக் கிராம் தேறாது.

ஒரு வண்டியில் எழுத்தும் பட்டையும் பூவேலையும் சேர்த்து 10 சதுர அடி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து புத்தகம். 2 கிராமுக்கும் குறைவு. ஒன்றன்மேல் ஒன்று படிவது, சேதாரம் என்று தாராளமாகச் சேர்த்தாலும் அரைச் சவரனைத் தொடாது. ஆக, இந்த வேலையில் காசு போவது பெரும்பாலும் தங்கத்துக்கு இல்லை, கைக்கு. இரண்டு மூன்று நாள் வண்டியின் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து எழுதுகிற மனிதரின் கூலிதான் அது.

பாலிஷ் மெஷின் புதிருக்கும் இங்கேயே பாதி விடை கிடைத்துவிட்டது. கார்களின் மேல் அடிக்கிற கிளியர் கோட் பொதுவாக 40, 50 மைக்ரான் இருக்கும். ரப்பிங் காம்பவுண்டு போட்டு மெஷினில் தேய்த்தால் ஒரு தடவைக்கு ஓரிரு மைக்ரான் போவது சாதாரணம். காருக்கு அது ஒன்றுமே இல்லை. 0.1 மைக்ரான் தங்கத்துக்கு அது பத்து இருபது உயிர்.

சரி, எதற்குத் தங்கம்?

வேலை செய்கிற வண்டி. புகையிலும் சேற்றிலும் போகிற வண்டி. அதில் எதற்கு இந்த ஆடம்பரம்?

அமெரிக்காவில் தீயணைப்பு என்பது நெடுங்காலம் தன்னார்வலர்களின் வேலை. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1736இல் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கிய யூனியன் ஃபயர் கம்பெனி அந்த மரபின் ஆரம்பகாலப் பெயர்களில் ஒன்று. 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் பெரிய நகரங்களில் தெருவுக்குத் தெரு இப்படிக் குழுக்கள் இருந்தன. கையால் இறைக்கிற பம்பு வண்டி, சொந்தப் பெயர், சொந்தச் சின்னம், பக்கத்துக் குழுவோடு தீராத போட்டி. தீயை அணைக்கப் போன இடத்தில் இரண்டு குழுக்களும் அடித்துக்கொண்ட கதைகள் ஏராளம். நம் ஊரில் தேர் யாருடையது, முதல் மரியாதை யாருக்கு என்று நடக்கும் சண்டையை நினைத்துக்கொண்டால் புரியும்.

அந்த வண்டியை அலங்கரிக்க நல்ல ஓவியர்களையே அமர்த்தினார்கள். ஃபிலடெல்ஃபியாவில் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்த ஜான் ஆர்ச்சிபால்ட் வுட்சைட் தீயணைப்பு வண்டிகளின் பலகைகளில் தீட்டிய ஓவியங்கள் இன்று கலைச்சேகரிப்புகளில் இருக்கின்றன. 1853இல் சின்சினாட்டி நகரம் சம்பளத்துக்கு ஆள் வைத்து, நீராவி பம்பையும் கொண்டுவந்தது. மற்ற நகரங்களும் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. குழுச்சண்டை அடங்கியது, அலங்காரம் அடங்கவில்லை. நீராவி வண்டிக்கும், பிறகு அமெரிக்கன் லாஃபிரான்ஸ், சீகிரேவ், அஹ்ரென்ஸ் ஃபாக்ஸ் போன்ற கம்பெனிகளின் மோட்டார் வண்டிக்கும் அது அப்படியே வந்து சேர்ந்தது.

பெருமை ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இது குதிரை வண்டிக்குப் பெயிண்ட் அடிப்பவர்களின் தொழில்ஞானம். மழையிலும் வெயிலிலும் நிற்கிற பொருளில் தங்க நிறம் வேண்டுமானால் அன்றைக்கு இரண்டு வழிதான். ஒன்று, தாமிரமும் துத்தநாகமும் கலந்த பித்தளைப் பொடியை வார்னிஷில் குழைத்துப் பூசுவது. அடித்த அன்று ஜோராக இருக்கும்; பிறகு நம் கவரிங் நகை மாதிரி பழுப்பேறிக் கறுத்துப் பச்சை பூக்கும். இரண்டாவது வழி, நிஜத் தங்கம். பொடியைத் திரும்பத் திரும்ப அடிக்கிற கூலியைக் கணக்குப் பார்த்தால் தங்கமே மலிவு. ஆடம்பரம் என்று நாம் நினைப்பது அவர்களுக்குச் சிக்கனம்.

இதிலும் மாற்று முக்கியம். வெளியில் நிற்கிற எழுத்துக்குப் பெரும்பாலும் 23 காரட் ரேக்குதான் பயன்படுத்துகிறார்கள்; அதாவது 95.8 சதவீதம் தங்கம். 22 காரட்டுக்குக் கீழே போகப் போக, கலந்திருக்கும் வெள்ளியும் தாமிரமும் காற்றோடு வேலையைக் காட்ட ஆரம்பித்துவிடும். வெள்ளி நிற எழுத்து வேண்டுமென்றால் வெள்ளி ரேக்கு உதவாது, கறுத்துவிடும். அதற்கு அலுமினியமோ பலேடியமோ போடுகிறார்கள்.

எழுதுவது எப்படி?

எங்கே பழுதாகும் என்று தெரிய வேண்டுமானால் அடுக்குகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். கீழிருந்து மேலே போவோம்.

அடியில் வண்டியின் சிவப்புப் பெயிண்ட். அது நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். எண்ணெய்ப்பசை இல்லாமல் துடைத்து, மேலே மெல்லிய சுண்ணப் பொடியைத் தடவுவார்கள். ரேக்கு எதிலும் ஒட்டிக்கொள்ளும். விரல் பட்ட இடத்தில்கூட ஒட்டும். வேண்டாத இடத்தில் அது ஒட்டாமல் இருக்கத்தான் இந்தப் பொடி.

அடுத்து, தாளில் எழுத்தை வரைந்து கோடு நெடுக ஊசித்துளை போட்டு, அதை வண்டியில் வைத்துப் பொடி தட்டுவார்கள். தாளை எடுத்தால் புள்ளிப்புள்ளியாக எழுத்து விழுந்திருக்கும். நம் ஊர் போர்டு ஆர்ட்டிஸ்டுகளுக்கும் இது பழக்கமான வித்தைதான்.

பிறகு பசை. இதற்கு எழுத்துக்காரர்கள் சொல்லும் பெயர் 'சைஸ்'. ஆளி விதை எண்ணெயில் செய்த வார்னிஷ் போன்ற ஒரு திரவம். தூரிகையால் எழுத்தை எழுதுவது உண்மையில் இந்தப் பசையால்தான். தங்கம் பிறகு வந்து அதன்மேல் உட்காருகிறது, அவ்வளவே. பசை பாதி காய்ந்தும் காயாமலும் இருக்கிற பதம் ஒன்று உண்டு. விரல்முட்டியை மெதுவாக வைத்து எடுத்துப் பார்ப்பார்கள். ஈரமாக ஒட்டக் கூடாது, லேசாக இழுத்துச் சத்தம் கொடுக்க வேண்டும். முன்னாலேயே ரேக்கு வைத்தால் தங்கம் பசைக்குள் மூழ்கி மங்கிப்போகும். தாமதித்தால் ஒட்டாது. பாகு பதம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு மணி நேரத்தில் பதம் வரும் சைஸும் உண்டு, இரவு முழுக்க எடுக்கும் சைஸும் உண்டு. மெதுவாகக் காய்கிற சைஸில்தான் பளபளப்பு அதிகம் என்பது தொழிலில் பொதுவான கருத்து.

ரேக்கை ஒட்டி, பஞ்சால் அழுத்தி, உதிரியை ஒற்றி எடுத்த பிறகு அந்த வட்டச் சுழிகள். பஞ்சை வெல்வெட் துணியில் உருண்டையாகக் கட்டி, தங்கத்தின்மேல் வைத்து லேசாகத் திருகுவார்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கீறல்கள் வட்டமாக விழும். ஒளி ஒவ்வொரு சுழியிலும் வேறு கோணத்தில் திரும்பும். ஆங்கிலத்தில் இதன் பெயர் 'எஞ்சின் டர்னிங்'. தீயணைப்பு எஞ்சினால் வந்த பெயர் என்று நானும் நினைத்தேன். இல்லை. கடிகார மூடிகளில் கடைசல் இயந்திரத்தால் கோலம் போடும் பழைய வேலையிலிருந்து வந்த பெயர் அது.

கடைசியில் கறுப்பு எனாமலால் ஓரக்கோடும் நிழலும். இது அழகுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். ரேக்கின் விளிம்பு எப்போதும் பிசிறாகத்தான் இருக்கும். தண்ணீர் உள்ளே நுழைவது அந்த விளிம்பு வழியாகத்தான். ஓரக்கோடு பாதி தங்கத்தின்மேலும் பாதி சிவப்பின்மேலும் ஏறி உட்கார்ந்து அந்த வாசலை அடைக்கிறது. வேட்டிக்குக் கரை மாதிரி. கரை அவிழ்ந்தால் துணி பிரியும்.

எல்லாவற்றுக்கும் மேலே கிளியர். முன்பு குதிரை வண்டிக்குப் பூசும் வார்னிஷ், இப்போது பெரும்பாலும் கார்களுக்கு அடிக்கும் யூரிதேன் கிளியர்.

முதலில் எது சாகிறது?

இந்த அடுக்கில் வெயிலோ மழையோ எதுவும் செய்ய முடியாத ஒரே பொருள் தங்கம். மற்ற எல்லாம் சாகும். தங்க எழுத்து 'போய்விட்டது' என்று சொல்லும்போது, கிட்டத்தட்ட எப்போதும் தங்கத்தைத் தாங்கியதோ மூடியதோதான் போயிருக்கிறது. தங்கம் அதோடு சேர்ந்து போகிறது.

மேலிருக்கும் கிளியர் புற ஊதாக் கதிரில் மெல்ல மெல்ல உடைகிறது. முதலில் மங்கும், பிறகு மஞ்சளாகும், பிறகு பொடியாகவோ தோலாகவோ உரியும். தோலாக உரியும்போது தங்கத்தையும் பிடித்துக்கொண்டு வருவதுதான் மோசம்.

விளிம்பில் தண்ணீர் புகுந்தால் பசை விட்டுக்கொடுக்கும். குளிர்ப் பிரதேசங்களில் இது இரட்டிப்பு. நுழைந்த தண்ணீர் உறைந்து விரியும், உருகி இன்னும் உள்ளே போகும், மறுபடி உறையும். பனிக்காலச் சாலைகளில் போடுகிற உப்பு, கதவின் கீழ்ப்பகுதி எழுத்துக்களில்தான் முதலில் வேலையைக் காட்டும்.

அவசரமாகச் செய்த வேலையும் ஒரு காரணம். பசை முழுக்க உலராமல் மேலே கிளியர் அடித்தால், கிளியரில் உள்ள கரைப்பான் கீழே இறங்கிப் பசையை ஊறவைத்துச் சுருக்கிவிடும். எழுத்து வயதான தோல் மாதிரி ஆகும். எண்ணெய்ப் பசைமேல் கடுமையான லாக்கர் அடித்தாலும் இதே கதி. இந்தப் பழுது பெரும்பாலும் உடனே தெரிந்துவிடும். சில சமயம் முதல் கோடை வரை ஒளிந்திருக்கும்.

எல்லாவற்றையும்விடப் பொதுவான எதிரி, அன்பு. தீயணைப்பு வண்டியைப் போல் கழுவப்படுகிற வண்டி வேறு இல்லை. மழையில் போய்விட்டு வந்தால் கழுவு, தீயிலிருந்து வந்தால் கழுவு, சும்மா இருந்தால் சும்மா இருக்கிறோமே என்று கழுவு. கடினமான பிரஷ், மணல் ஒட்டிய துணி, புகைக்கரி போக்குகிற காரமான டிகிரீசர், விளிம்பில் அடிக்கிற ஹை-பிரஷர் தண்ணீர். வெயில் பத்து வருடத்தில் செய்வதைக் கை சீக்கிரமே செய்துவிடும். கைப்பிடிக்குப் பக்கத்து எழுத்து மற்றவற்றுக்கு முன்னாலேயே தேய்வதும் இதனால்தான். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அதே கையுறை.

கிளியர் வேண்டுமா, வேண்டாமா?

இங்கே ஒரு சுவாரசியமான முரண். கட்டடத்தின் உச்சியிலோ கடை வாசலிலோ நிற்கிற தங்க எழுத்துக்குக் கிளியர் பூசாதே என்பார்கள் அனுபவசாலிகள். 23 காரட் தங்கத்துக்குப் பாதுகாப்பே தேவையில்லை. மேலே பூசுகிற வார்னிஷ் தங்கத்துக்கு முன்னால் கெட்டு, நல்லாயிருந்த எழுத்தைக் கெடுக்கும். பளபளப்பையும் கொஞ்சம் குறைக்கும்.

அதே ஆட்கள் தீயணைப்பு வண்டிக்கு வந்தால் கிளியர் பூசாமல் விட மாட்டார்கள். கட்டட உச்சியில் யாரும் துணியை வைத்துத் தேய்ப்பதில்லை, வண்டியில் தேய்க்கிறார்கள். வெயிலிடமிருந்து காப்பாற்ற இல்லை இந்தக் கிளியர், நம்மிடமிருந்து காப்பாற்ற.

அதனால் வண்டியில் தங்க எழுத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது தங்கம் இல்லை, கிளியரைப் பராமரிப்பதுதான். கிளியர் என்பது தேயட்டும் என்றே வைத்திருக்கும் செருப்பு. அது முழுக்கத் தேய்ந்து கால் தரையில் படும் முன்னால் மாற்றிவிட வேண்டும். மங்க ஆரம்பித்ததும், இன்னும் தடிமன் மிச்சம் இருக்கும்போதே, தெரிந்தவரை வைத்து மேலோட்டமாகத் தடவிச் சொரசொரப்பாக்கி இன்னொரு பூச்சு கொடுத்தால் எழுத்து மறுபடி இளமையாகும். விரிசல் விட்ட பிறகு போனால், கிளியரை எடுப்பது என்பது தங்கத்தையும் எடுப்பது.

ஸ்டிக்கர் தங்கம்

இன்று புது வண்டிகள் பலவற்றில் கையால் எழுதுவதில்லை. 22 காரட் தங்கத்தையே மெல்லிய படலத்தில் வைத்து, மேலே ஒளிபுகும் பாதுகாப்புப் படலமும், கீழே பசையும் சேர்த்துச் சுருளாக விற்கிறார்கள். கம்ப்யூட்டர் வெட்டும், மேஸ்திரி ஒட்டுவார். வட்டச் சுழிகூட அச்சில் வார்த்தது போல் வருகிறது. தங்கமே இல்லாத, தங்க நிறம் மட்டும் உள்ள மலிவு ரகமும் உண்டு.

இதை மட்டம் தட்ட நான் தயாரில்லை. மூன்று நாள் வேலை அரை நாளில் முடிகிறது. கதவு நசுங்கி மாற்றினால், அதே எழுத்தை அதே அளவில் மறுநாளே வெட்டி ஒட்டலாம். கையால் எழுதியதில் அந்த ஒரு கதவு மட்டும் எப்போதும் புது மாப்பிள்ளை மாதிரி தனியாகத் தெரியும். அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களில் பாதிக்கு மேல் இன்றும் தன்னார்வலர்கள். காலைச் சாப்பாடு விற்றும் குலுக்கல் நடத்தியும் பணம் சேர்க்கிற சிறு குழுக்கள் எத்தனையோ. அவர்களிடம் போய்க் கைவேலையின் மகத்துவம் பேசுவது எளிது. ஆனால் ஹோஸ் பைப் வாங்குவதா, தங்கம் ஒட்டுவதா என்பது அவர்களுக்கு நிஜமான கேள்வி.

ஆனால் ஆயுள் என்று வந்தால், இதிலும் தங்கத்தின் ஆயுள் கணக்கில்லை, பிளாஸ்டிக்கின் ஆயுள்தான். நல்ல ரக வினைல் படலத்துக்கு வெளிப்புற ஆயுள் பொதுவாக 7 முதல் 10 வருடம் என்று சொல்வார்கள், மட்ட ரகத்துக்கு 3 முதல் 5. பிளாஸ்டிக்கை இளக வைக்கிற பொருள் மெல்ல வெளியேறும், படலம் சுருங்கும், விளிம்பில் பசைக்கோடு தெரியும், அதில் அழுக்கு ஒட்டிக் கறுப்புக் கரை விழும். வண்டியோ அதைவிட அதிக நாள் ஓடுகிறது. 15 வருடம் தாண்டிய வண்டியைத் துணைப்பணிக்கு மாற்றுங்கள், 25 வருடம் தாண்டினால் ஓய்வு கொடுங்கள் என்பதுதான் அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கமான என்.எஃப்.பி.ஏ. தன் தரநிலையின் பின்னிணைப்பில் சொல்லிவந்த ஆலோசனை. ஆக, ஸ்டிக்கர் என்றால் வண்டியின் வாழ்நாளில் ஒரு தடவையாவது மாற்ற வேண்டியிருக்கும் என்று முதலிலேயே கணக்குப் போட்டுவிடுவது நல்லது. ஒழுங்காகச் செய்து கிளியரையும் கவனித்துக்கொண்ட ரேக்கு வண்டியின் ஆயுளுக்கே வரும்.

இரவில் தங்கம் உதவாது

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் தப்பாகிவிடும். இந்த எழுத்து எவ்வளவு மின்னினாலும், இரவு நெடுஞ்சாலையில் வீரர்களின் உயிரைக் காப்பது இது இல்லை. தங்கம் கண்ணாடி போல் ஒளியை வேறு பக்கம் திருப்பிவிடும். நமக்கு வேண்டியது, வருகிற காரின் விளக்கொளியை அந்தக் காரின் ஓட்டுநர் கண்ணுக்கே திருப்பி அனுப்புவது. நுண்ணிய கண்ணாடி மணிகளோ முப்பட்டகங்களோ பதித்த பிரதிபலிப்புப் படலம்தான் அதைச் செய்யும்.

அதனால்தான் என்.எஃப்.பி.ஏ. 1901 தரநிலை, வண்டியின் பக்கங்களில் 4 அங்குல அகலப் பிரதிபலிப்புப் பட்டை வேண்டும் என்றது. 2009 பதிப்பிலிருந்து, பின்புறத்தில் குறைந்தது பாதிப் பரப்பை 45 பாகை சாய்ந்த, 6 அங்குல அகலப் பட்டைகளால் மூடச் சொன்னது. அமெரிக்க வண்டிகளின் முதுகில் சிவப்பும் மஞ்சளுமாக அம்புக்குறி போல் தெரிவது அதுதான். பணம் குறைவு என்றால் முதலில் இந்தப் பட்டையைப் புதுப்பிக்க வேண்டும். தங்கம் காத்திருக்கும், அதுதான் அதன் குணம்.

கழுவுகிறவர்களுக்கு

எழுத்துக்காரர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் விஷயங்களைச் சுருக்கித் தருகிறேன். வீட்டில் பழைய கார், பெயர்ப்பலகை என்று எது இருந்தாலும் பொருந்தும்.

1. தூசியைக் காய்ந்த துணியால் துடைக்காதீர்கள். முதலில் தண்ணீரை ஓடவிட்டு மணலை இறக்குங்கள். எழுத்தைக் கீறுவது துணி இல்லை, துணிக்கும் எழுத்துக்கும் நடுவில் மாட்டிய மணல்.

2. மென்மையான சோப்பு போதும். காரமான டிகிரீசரை டயர் பக்கமே நிறுத்துங்கள். தீயணைக்கும் நுரையும் ஒருவகைச் சோப்புக்கரைசல்தான். எழுத்தில் பட்டால் காயவிடாமல் அலசிவிடுங்கள்.

3. மேலிருந்து கீழே. சக்கரம் கழுவிய துணி கதவுக்கு வரக் கூடாது.

4. பிரஷர் வாஷரை எழுத்தின் விளிம்பில் பக்கவாட்டாகக் காட்டாதீர்கள். ஓரக்கோட்டைத் தூக்கிவிடும்.

5. மெழுகு போடலாம், கையால். டப்பாவில் 'கீறல் நீக்கும்', 'கிளீனர்' என்று இருந்தால் அதில் அரிக்கும் பொடி இருக்கிறது என்று அர்த்தம், எழுத்துக்குக் கொண்டுவராதீர்கள். பாலிஷ் மெஷின், எழுத்து இருக்கும் பலகைக்கு அருகிலேயே வேண்டாம்.

6. வருடத்துக்கு ஒரு தடவை நல்ல வெளிச்சத்தில் விளிம்புகளைப் பாருங்கள். கோட்டில் விரிசல், கிளியரில் வெண்மை, எங்காவது தூக்கல். அன்றைக்கே எழுதியவருக்குப் போன் போட்டால் சின்ன வேலை. அடுத்த வருடம் என்றால் பெரிய வேலை.

7. எழுத்தை நேராக நின்று படம் எடுத்து, பக்கத்தில் அளவுகோல் வைத்து இன்னொரு படமும் எடுத்து வையுங்கள். கதவு நசுங்கும் நாளில் அருமை தெரியும்.

திரும்பி வராதது

ஓடுகிற வண்டிக்கு இவ்வளவு போதும். ஓட்டம் முடிந்த பழைய வண்டிக்கு வேறு நியாயம்.

அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் இருக்கும் ஹால் ஆஃப் ஃபிளேம், நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் ஊரில் உள்ள தீயணைப்பு அருங்காட்சியகம் போன்ற இடங்களில் நூறு வருடத்தைத் தாண்டிய வண்டிகள் நிற்கின்றன. தனியார் கொட்டகைகளிலும் ஏராளம். அப்படி ஒன்று கைக்கு வந்தால் முதலில் தோன்றும் ஆசை, சுரண்டிவிட்டுப் புதுசாக எழுதிவிடலாம் என்பது. எழுதலாம், அழகாகவும் இருக்கும். ஆனால் அது இன்றைய எழுத்து. 1910இல் ஒரு மனிதர் எந்த இடத்தில் தூரிகையைத் திருப்பினார், எந்த நிழலை எந்தப் பக்கம் போட்டார், எங்கே கை நடுங்கியது என்பதெல்லாம் அந்த 0.1 மைக்ரானில் மட்டும்தான் எழுதப்பட்டிருக்கிறது. பெரும்பாலான எழுத்துக்காரர்கள் கையெழுத்துப் போடவில்லை. அவர்களைப் பற்றி மிச்சமிருக்கும் ஒரே ஆவணம் அதுதான்.

அதனால் பழைய வண்டியில் முதல் வேலை எதையும் செய்யாமல் இருப்பது. படம் எடு, தாள் வைத்து அளவோடு படி எடு. அழுக்கை எடுக்க வேண்டுமானால் கண்ணில் படாத மூலையில் ஒரு நாணயம் அளவுக்குச் சோதித்துப் பார். மேலே பின்னால் அடித்த பெயிண்ட் இருந்தால் அடியில் பழைய எழுத்து தூங்கிக்கொண்டிருக்கலாம். சாண்ட்பேப்பரை எடுப்பதற்கு முன் யோசி. தங்கம் எல்லாம் போன இடத்தில்கூட எழுத்து முழுக்கப் போவதில்லை. மூடியிருந்த இடத்தின் சிவப்பு சுற்றியுள்ள சிவப்பைவிட வெளுக்காமல் இருக்கும். சாய்வான வெளிச்சத்தில் எழுத்தின் நிழல் அப்படியே எழும். அதைப் படித்துத்தான் வண்டி எந்த ஊருக்கு, எந்தக் குழுவுக்கு உழைத்தது என்று கண்டுபிடிக்கிறார்கள். பளபளப்பாக்கும் ஆசையில் அதையும் அரைத்துவிட்டால், மிஞ்சுவது ஒரு நல்ல சிவப்பு லாரி.

எங்கள் ஊர் வண்டிக்கு வருகிறேன். அந்தப் பாதி எழுத்தை ஏன் சரி செய்யவில்லை என்று கேட்டேன். எழுதியவர் இப்போது இல்லையாம். வேறொருவர் வந்து பார்த்துவிட்டு, ஓர் எழுத்தை மட்டும் செய்தால் அது ஒட்டாது, கதவு முழுக்கச் செய்ய வேண்டும் என்றிருக்கிறார். வண்டி இன்னும் சில வருடத்தில் துணைப்பணிக்குப் போகப்போகிறது. அந்தப் பணத்துக்குப் புது முகக்கவசங்கள் வாங்கிவிட்டார்கள். எனக்கு அது சரியாகவே பட்டது. தேய்த்த பையன் இப்போது அங்கே கேப்டனாம். புதிதாகச் சேருகிறவர்களுக்கு வண்டி கழுவக் கற்றுக்கொடுப்பது அவர்தான். பாடம் அந்தக் கதவிலிருந்துதான் தொடங்குமாம்.

மகளை இறக்கும்போது அவள் போகிற போக்கில் அந்த எழுத்தை ஒரு விரலால் தொட்டாள். நான் கையைத் தட்டிவிடப் போனேன். "தொடலாம்" என்றார் பெரியவர் மறுபடியும்.